எல்லோரும் சொன்ன ஃபைவ் நைன்

செப்டம்பர் 8, ஞாயிறு

487ஆவது அறிக்கை முடிந்தது. எட்டரைக்குத் தொடங்கி எட்டு ஐம்பத்து நான்குக்கு முடித்தேன். ஒன்பது வருடங்களில் ஒரு ஞாயிறுகூட நின்றதில்லை. இதை ஒரு காரியமாக நினைக்க பாளையங்கோட்டையில் ஆள் இல்லை.

எதிர் வீட்டுக்காரர் பால் வாங்கப் போகும்போது நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமையானால் தனியாக என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிற்றலையில் ‘நாற்பது மீட்டர் செய்திகள்’ என்று ஓர் அறிக்கை ஒலிபரப்பாகிறது. நான்கைந்து தன்னார்வலர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பேசிப் பதிந்து வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்புவார்கள். நான் வெட்டி ஒட்டி, முன்னுரையும் முடிவுரையும் என் குரலில் சேர்த்து ஒரே கோப்பாக்கி, சனிக்கிழமை மாலை பாட்காஸ்டாக இணையத்தில் ஏற்றுவேன். ஞாயிறு எட்டரைக்கு அதே கோப்பை என் வானொலிப் பெட்டியிலிருந்து காற்றில் விடுவேன். முடிந்ததும் நாகர்கோவில் எஸ்தர் டீச்சர் வருகைப் பதிவு எடுப்பார். முப்பது நிலையங்கள் வரிசையாக வந்து, என் சிக்னல் எப்படி வந்தது என்று சொல்லும். பேச்சுத் தெளிவுக்கு ஐந்து, வலிமைக்கு ஒன்பது. ஃபைவ் நைன் என்றால் அதற்கு மேல் கிடையாது.

அவர் பால் பையைக் கை மாற்றிக்கொண்டு, “சம்பளம் உண்டுமா சார்?” என்றார். இல்லை என்றேன். போய்விட்டார்.

பாட்காஸ்டை வாரம் நாற்பத்தோரு பேர் கேட்கிறார்கள். அதில் நான்கைந்து பேர் தங்கள் குரலைத் தாங்களே கேட்கும் என் தன்னார்வலர்கள். அதை நான் பொருட்படுத்துவதில்லை. வானொலிதான் கணக்கு. இன்றும் முப்பது நிலையங்களும் ஃபைவ் நைன் தந்தன. பாலிடெக்னிக்கில் இருபத்தேழு வருடம் கத்தினேன், கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. முதல்வர் பதவிக்கு என்னைத் தாண்டி ஓர் ஆளை உட்கார வைத்தபோது நான் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. இங்கே கேட்கிறது. விருப்ப ஓய்வு வாங்கி வந்தபின் எனக்கு மிச்சம் இது ஒன்றுதான்.

எதிரொலி இன்றும் வந்தது.

செப்டம்பர் 11, புதன்

இந்திராணி காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்து, “ஏங்க, அணிலு ஒங்க கறுப்பு வயரக் கடிச்சுக்கிட்டே கெடக்கு. பாக்கதும் இல்ல, வெரட்டதும் இல்ல” என்றாள். அது ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள். தடிமனான மேலுறை போட்டது. அணில் பல்லுக்கு அசையாது என்றேன். கீழே மீட்டரையும் காட்டினேன். ஆண்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் சக்தியைக் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. எட்டு வருடப் பழைய நிறுவலுக்கு இது அபூர்வம்.

“ஒங்களுக்கு முப்பது பேரு மார்க்குப் போடுதாவ. இங்க சமைச்சுப் போடுதவளுக்கு மார்க்குப் போட ஒரு ஆளக் காணும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சமையலறைக் குழாய்க்கு வாஷர் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

488. எல்லோரும் ஃபைவ் நைன். எதிரொலி உண்டு.

செப்டம்பர் 20, வெள்ளி

காஜா மொஹிதீன் தன் பகுதியை இன்றும் இரவுதான் அனுப்பினார். காயல்பட்டினத்தில் மின்தடையாம். ஏழு இடத்தில் மூச்சு வாங்குகிறார், எல்லாவற்றையும் வெட்டினேன். தொடக்கத்தில் நேயர்களுக்கு அவர் சொல்லும் நீண்ட வணக்கத்தையும் வெட்டினேன். அறிக்கைக்கு அது தேவையில்லை.

எதிரொலியைப் பற்றி முறையாக எழுதிவைக்க வேண்டும். ஒலிபரப்பும்போது என் பெட்டி செவிடு. விசையை விட்டால்தான் அதற்குக் காது திறக்கும். ஜூன் மாதத்திலிருந்து, அறிக்கை முடிந்து நான் விசையை விட்டதும் ஓரிரு நொடிக்கு என் குரலே திரும்பி வருகிறது. ‘காது கொடுத்த அனைவருக்கும் நன்றி’ என்பது என் முடிவு வாக்கியம். அதில் ‘அனைவருக்கும் நன்றி’ மட்டும் நல்ல வலிமையோடு மீண்டும் கேட்கிறது. சிற்றலையில் இப்படித் தாமதித்துத் திரும்பும் எதிரொலிகளைப் பற்றி நூறு வருடமாக எழுதுகிறார்கள், யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பதினாறு வாரம் தொடர்ந்து பதிவு செய்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்த வருடம் அலைவரிசையில் இரைச்சலும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரையாக அனுப்பப்போகிறேன்.

எஸ்தர் டீச்சரிடம் தொலைபேசியில் சொன்னேன். எந்தப் பத்திரிகை என்று கேட்டார். பிறகு, “அதுக்குள்ள அனுப்பிராதீங்க சார். இன்னும் கொஞ்ச நாள் பாப்போமே” என்றார். பிறர் பெயர் அச்சில் வருவதென்றால் மனிதர்களுக்கு இப்படித்தான் பொறுக்காமல் போகிறது. ஆசிரியர்களும் விதிவிலக்கில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

489. மார்த்தாண்டம் வில்சன் மறுபடி வருகைப் பதிவில் தலைகாட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் என் ஒலி கரகரப்பாக இருக்கிறது, சிக்னல் ஃபோர் ஃபைவ் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். அவர் பெட்டியில்தான் கோளாறு என்று அடுத்த அறிக்கையிலேயே வாசித்து, வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கினேன். இன்று அவரும் ஃபைவ் நைன் தந்தார். திருந்தியிருக்கிறார்.

செப்டம்பர் 26, வியாழன்

நான்கு வருடங்களுக்குப் பிறகு இசக்கியப்பன் போன் செய்தார்.

யாரென்று எழுதிவைக்கிறேன், என் கோபம் காரணமில்லாதது என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது. தென்காசியில் மைக்செட் கடை வைத்திருப்பவர். கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடை விழாவுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர். உரிமத் தேர்வுக்கு நான்தான் பாடம் சொன்னேன். இந்த நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து தொடங்கினோம், தொடக்கத்தில் வரும் முன்வணக்கம் அவர் குரல்தான். பிறகு அந்தப் பெருவெள்ளம் வந்தது. செல்போன் கோபுரங்கள் விழுந்த மூன்று நாளும் முகாமில் உட்கார்ந்து செய்திகளை எழுதி எழுதி அனுப்பியவன் நான். பாராட்டுச் சான்றிதழ் அவர் பெயருக்கு வந்தது, அவர் பெயருக்கு மட்டும். பத்திரிகையில் படமும் வந்தது. அதில் என் பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. அன்றோடு அவர் முன்வணக்கத்தை வெட்டி எடுத்தேன்.

போனில் பழைய குரல் இல்லை, காற்றுப் போன குரல். “வே சிதம்பரம், நல்லாருக்கீரா” என்றார். சொல்லவந்ததைச் சொல்லும்படி கேட்டேன். செவ்வாய்க்கிழமை நெஞ்சில் ஆபரேஷனுக்குப் போகிறாராம்.

“ரெண்டு மூணு வாரம் நான் இருக்கமாட்டேன்வே. அதான் சொல்லுதேன்.”

எனக்கு எதற்கு என்று கேட்டேன்.

“கோவப்படாதீரும். ஒம்ம கேபிள ஒருக்கா அறுத்துப் பாரும். தண்ணி ஏறிருக்கும்னு தோணுது.”

மைக்செட்காரர் எனக்குக் கேபிள் பாடம் எடுக்கிறார். என் மீட்டரில் திரும்பிவரும் சக்தி பூஜ்யம் என்றும், முப்பது பேர் ஃபைவ் நைன் தருகிறார்கள் என்றும், அவருக்கு வேண்டுமானால் அந்த மீட்டரை எப்படிப் படிப்பது என்று மறுபடி சொல்லித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். இருமலாகவும் இருக்கலாம். “சரிவே, ஒடம்பப் பாத்துக்கிடும்” என்று வைத்துவிட்டார்.

வாஷர் இன்னும் வாங்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

490. ஃபைவ் நைன். எதிரொலி தெளிவாக இருந்தது. கட்டுரையின் முதல் வரைவு முடிந்தது.

அக்டோபர் 3, வியாழன்

மாலை எஸ்தர் டீச்சர் அழுதுகொண்டே கூப்பிட்டார். இசக்கியப்பன் காலையில் இறந்துவிட்டார். ஆபரேஷன் தாங்கவில்லையாம். நாளை காலை எடுக்கிறார்கள், எல்லோரும் போகிறோம், சார் வருகிறீர்களா என்று கேட்டார். குழாய் ரிப்பேருக்கு ஆள் வருகிறது என்றேன்.

இந்திராணி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “எந்தக் கொழாய்க்கு?” என்றாள்.

அக்டோபர் 4, வெள்ளி

எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வானொலிக்காரர் ஒருவர் இறந்தால் ‘சைலன்ட் கீ’ என்போம். அவருடைய தந்திச் சாவி ஓய்ந்துவிட்டது என்று பொருள். அறிக்கையின் கடைசியில் அவர் பெயர், ஊர், உரிமத்தில் உள்ள அழைப்புக்குறி மூன்றையும் வாசித்து, அந்தக் குறியை மோர்ஸில் ஒரே ஒரு தடவை தட்டுவோம். அதற்குப் பிறகு அந்தக் குறியை நாங்கள் காற்றில் கூப்பிடுவதில்லை.

காஜா மொஹிதீன் தென்காசி போய்வந்த கையோடு அஞ்சலி பேசி அனுப்பியிருக்கிறார். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. வெள்ளத்தைப் பற்றியே ஒரு நிமிடம். நான் எழுதிய செய்திகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்று நாள் என்று முன்பு எழுதியிருக்கிறேன். துல்லியமாகச் சொன்னால் இரண்டு நாள். மூன்றாம் நாள் எனக்கு உடம்பு சரியில்லை.

அக்டோபர் 5, சனி

அஞ்சலியைப் பதினோரு நொடியாகக் குறைத்தேன். அறிக்கை அறிக்கையாக இருக்க வேண்டும். என் குரலிலேயே வாசித்தேன்: அழைப்புக்குறி, தென்காசி, சைலன்ட் கீ. பிறகு மோர்ஸ், கணினி தட்டியது. பெயர் சொல்லவில்லை. குறியைச் சொன்னால் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

ஆறு மணிக்கு இணையத்தில் ஏற்றினேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

491.

விசையை விட்டேன். எதிரொலி இல்லை. மெல்லிய இரைச்சல் மட்டும். மீட்டரைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது.

வருகைப் பதிவில் முப்பத்து நான்கு பேர். இதுவரை இத்தனை பேர் வந்ததில்லை. ஒவ்வொருவரும் வந்து இசக்கியப்பனைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்கள். கோயில் கொடையில் அவர் குழாய் கட்டிய மரத்திலேயே ஆண்டெனாவையும் கட்டிப் பேசிய கதையை ஒருவர் சொல்ல, இன்னொருவர் சிரித்தபடியே அழுதார். என் சிக்னலைப் பற்றி ஒருவர்கூட அறிக்கை தரவில்லை. ஒரு ஃபைவ் நைன் இல்லை. நான் குறுக்கே புகுந்து, இது வருகைப் பதிவு, அஞ்சலிக் கூட்டம் அல்ல என்றேன். என் பேச்சின் மேலேயே அடுத்தவர் பேசினார். மறுபடி சொன்னேன். அதன் மேலேயும் பேசினார்கள். ஒன்பது வருடம் நடத்தியவனை, அங்கே இல்லாத ஆளைப்போல.

பகிஷ்காரம். பதினோரு நொடிக்காக.

அக்டோபர் 8, செவ்வாய்

எஸ்தர் டீச்சரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லக் கூப்பிட்டேன். முழுவதும் பேச விட்டார். பள்ளிக்கூடத்தில் இடைவேளை போலிருக்கிறது, பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

“நாங்க பகிஷ்காரம் ஒண்ணும் பண்ணல சார். நீங்க பேசுனது எங்களுக்குக் கேக்கவே இல்ல.”

ஞாயிற்றுக்கிழமையா என்றேன்.

“ஜூன்லேந்து சார்.”

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். மே மாதக் கோடைமழைக்குப் பிறகு என் சிக்னல் முனகலாகி, பிறகு அதுவும் போய்விட்டது. யார் என்னிடம் சொல்வது என்று பேசிப் பார்த்தார்களாம். வில்சனுக்கு நடந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. இசக்கியப்பன்தான், அவரிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் நிகழ்ச்சியையே நிறுத்திவிடுவார் என்றாராம். சனிக்கிழமை நான் ஏற்றும் கோப்பை அவர் இறக்கிவைத்துக்கொண்டு, ஞாயிறு எட்டரைக்கு என்னோடு சேர்ந்து, அதே அலைவரிசையில், தென்காசியிலிருந்து ஒலிபரப்பியிருக்கிறார். முப்பது பேரும் ஃபைவ் நைன் தந்தது அவருக்கு. கணினியைக் கையால் அழுத்தித் தொடங்குகிறவர், எப்போதும் இரண்டு நொடி பிந்துவார்.

இரண்டு நொடி.

போன ஞாயிறு நீங்கள் யாராவது அதைச் செய்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“செய்யலாம்னுதான் இருந்தோம் சார். சனிக்கிழம சாயங்காலம் கோப்ப எறக்கிக் கேட்டோம். அவங்க பேரக்கூட நீங்க சொல்லல. அதத் திருப்பிப் போட எங்க யாருக்கும் மனசு வரல.”

மணி அடித்தது. வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 9, புதன்

மொட்டைமாடியில் கேபிளை அறுத்தேன். அணில் கடித்த இடத்துக்குக் கீழே இரண்டடி தள்ளி. தண்ணீர் சொட்டியது. உள்ளே செம்பு வலை கறுத்துப் பச்சை பூத்திருந்தது. உரிக்க உரிக்க, கடைசி மீட்டர் வரைக்கும் அப்படித்தான்.

ஈரம் ஏறிய கேபிள் சக்தி முழுவதையும் தானே விழுங்கிவிடும். ஆண்டெனாவுக்குப் போனால்தானே ஏதாவது திரும்பி வரும். அதனால் மீட்டர் பூஜ்யம் காட்டும். அலைவரிசை இரைச்சலும் அதே வழியில்தான் அமுங்கும். நான்காம் பருவத் தேர்வில், ஐந்து மதிப்பெண் கேள்வியாக, வருடம் தவறாமல் நான் கேட்டது இது. எழுதாமல் விட்ட பையன்களைத் திட்டியிருக்கிறேன்.

இந்திராணி சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கட்டுரையைக் கிழித்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

தென்காசி போனேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

அவர் மனைவி முப்பிடாதி வாசலில் வந்து, யாரென்று கேட்டார். நான் பேசத் தொடங்கியதும், “ஐயோ, நீங்களா. கொரலு தெரியுதே” என்று நாற்காலி எடுத்துப் போட்டார். இந்த நான்கு மாதமும் ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு வீட்டில் மிக்ஸி போடக்கூடாது, பேசக்கூடாது. வீடு முழுக்க என் குரல்தானாம்.

பெட்டி இருந்த அறையைக் காட்டினார். மூலையில் கொடைக்குக் கட்டும் குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மேசையில் அவர் பதிவேடு. ஜூன் 2 முதல் செப்டம்பர் 29 வரை பதினெட்டு ஞாயிறுகள். ஒவ்வொன்றிலும் தன் அழைப்புக்குறி, நேரம், பக்கத்தில் ஒரே சொல்: ‘சிதம்பரத்துக்காக.’ கையெழுத்து மோசம். ‘த்’தில் எப்போதும் புள்ளி வைக்கமாட்டார், நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

காபி கொடுத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்:

“அண்ணாச்சி, எனக்கு இந்த மிசினப் போடத் தெரியாது. போன ஞாயித்துக்கெழம அவுகளப் பத்தி ரேடியோல சொன்னியளா?”

சொன்னேன் என்றேன்.

“எல்லாருக்கும் கேட்டுச்சா?”

நான் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை. அந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். ஜூன் மாதத்திலிருந்து முப்பது பேர் எனக்குத் தந்ததைத்தான் நான் அவருக்குத் தந்தேன்.

அக்டோபர் 12, சனி

புதிய கேபிள். இந்திராணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். “வெரசா எறங்குங்க, வயசு என்ன ஆச்சு” என்று மட்டும் சொன்னாள். ஆண்டெனாக் கம்பி தாழ்ந்துதான் கிடக்கிறது, கட்டிவைத்த தென்னை போன வருடம் பட்டுப்போனது. அதை உயர்த்திக் கட்ட இரண்டு ஆள் வேண்டும். போன தடவை மறுமுனையைப் பிடித்து மரம் ஏறியவர் இசக்கியப்பன்.

இந்த வாரம் யாரும் எதுவும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. இணையத்தில் எதுவும் ஏற்றவில்லை. குழாய்க்கு வாஷர் போட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

492. பதிவு இல்லை. நேரடியாகப் பேசினேன். ஒரு தாளில் எழுதிவைத்திருந்ததை வாசித்தேன்:

“தென்காசி இசக்கியப்பன் அக்டோபர் மூன்றாம் தேதி காலமானார். இந்த நிகழ்ச்சியை இருவர் தொடங்கினார்கள், அவர்களில் ஒருவர் அவர். பெருவெள்ளத்தின்போது மூன்று நாள் முகாமில் இருந்தார். மூன்றாம் நாள் தண்ணீர் படிக்கட்டு ஏறியது. கூட இருந்தவர் பயந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போகவில்லை. அன்று தனியாக எழுபத்திரண்டு செய்திகள் அனுப்பினார். போனவர் நான்தான். கடந்த பதினெட்டு வாரம் நீங்கள் கேட்ட இந்த அறிக்கை அவர் வீட்டிலிருந்து வந்தது.”

பிறகு அழைப்புக்குறியைச் சொல்லி, தந்திச் சாவியை எடுத்து மோர்ஸில் நானே தட்டினேன். கடைசி எழுத்து கோணலாக விழுந்தது. ஒரே தடவைதான் தட்ட வேண்டும் என்பதால் திருத்தவில்லை. முடிவு வாக்கியத்தைச் சொன்னேன்.

விசையை விட்டு இரண்டு நொடி காத்திருந்தேன். அறையில் மின்விசிறி மட்டும்.

எஸ்தர் டீச்சர் இருக்கிறாரா, சிக்னல் எப்படி வந்தது, உள்ளபடி சொல்லுங்கள் என்று கேட்டேன். நெடுநேரம் யாரும் வரவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் பேசவில்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இந்திராணி வந்து அறை வாசலில் நின்றாள்.

பிறகு டீச்சர் வந்தார்.

“ஃபோர் த்ரீ சார். விட்டு விட்டுத்தான் வருது. வெள்ளத்தப் பத்திச் சொன்னதுல பாதி வரல.”

மறுபடி வந்து,

“பேரு கேட்டுச்சு சார்” என்றார்.

எது வரவில்லை என்று கேட்டேன். படிக்கட்டு வரைக்கும் கேட்டது, அதற்குப் பிறகு இல்லை என்றார். அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசித்தேன். கேட்டதா என்றேன். இல்லை சார் என்றார். மறுபடி வாசித்தேன்.

நான்காவது தடவையில் கேட்டது.